ஆதாமும் அத்திரம்பாக்கமும்
(ஊத்துக்கோட்டையில் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஆற்றிய உரை)

ஊத்துக்கோட்டை, பூண்டிப் பக்கமிருந்தும், எல்லை தாண்டிச் சத்தியவேடு, நாகலாபுரத்திலிருந்தும் வந்திருக்கும் மறைக்கல்வி ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் இருக்கிறது அத்திரம்பாக்கம். 1863-இல் புவியியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்த ஊர். அங்குள்ள கைக்கோடரிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-இல் ஆய்வு வெளிவந்தது. "அதைச் செய்தவங்க ஆதாமுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று ஒரு பிள்ளை ஞாயிறு வகுப்பில் கேட்டால் "அதெல்லாம் கேட்காதே, உட்கார்" என்று சொல்லிவிடாதீர்கள். அதே பிள்ளை பத்தாம் வகுப்பு அறிவியலில் பரிணாமப் பாடத்தைப் படிக்கும்போது, கோயிலா பள்ளிக்கூடமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடும். திருச்சபை அப்படித் தேர்ந்தெடுக்கச் சொல்லவே இல்லை.

1950-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 'ஹுமானி ஜெனெரிஸ்' சுற்றுமடலில் இரண்டைப் பிரித்தார். மனித உடல் முன்பே இருந்த உயிர்ப்பொருளிலிருந்து வந்ததா என்று வல்லுநர்கள் ஆராயலாம், வாதிடலாம். ஆனால் ஆன்மாவைக் கடவுள் நேரடியாகப் படைக்கிறார், அதில் மாற்றமில்லை. 1996-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார்.

ஆன்மா பற்றிய இந்தப் போதனை ஆதாமுக்கு மட்டும் உரியதல்ல. நேற்றுப் பிறந்த குழந்தையின் ஆன்மாவையும் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்றுதான் நம்புகிறோம். அதற்காகக் கரு வளரும் விதத்தைச் சொல்லும் மருத்துவரோடு நாம் சண்டைக்குப் போவதில்லையே! வகுப்பில் இதை முதலில் சொல்லுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே அவிழும்.

அடுத்து, விவிலியத்தைத் திறந்து தொடக்க நூலின் முதல் இரண்டு அதிகாரங்களைப் பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லுங்கள். முதல் அதிகாரத்தில் விலங்குகளுக்குப் பிறகு மனிதர். இரண்டாவதில் முதலில் மனிதன், பிறகு விலங்குகள். முதல் அதிகாரத்தில் செடிகொடிகள் மூன்றாம் நாள், சூரியன் நான்காம் நாள். 'ஆறு நாள் என்றால் ஆறு யுகம்' என்று நல்லெண்ணத்தோடு சமாளிக்கும் ஆசிரியர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார். அந்த வழி வேண்டாம். இரண்டு வரிசைகளையும் அருகருகே வைத்திருக்கும் நூல், கால அட்டவணை தருவதற்காக எழுதப்பட்டதல்ல. யார் படைத்தார், எதற்காக, மனிதர் எப்படித் தவறினர் என்பதே அதன் செய்தி.

அறிவியலுக்கு வந்தால், குரங்கு படிப்படியாக நிமிர்ந்து மனிதனாகும் அந்தப் படத்தைப் பலகையில் வரையாதீர்கள். இன்றைய குரங்கிலிருந்து நாம் வரவில்லை. நமக்கும் சிம்பன்சிக்கும் பொது முன்னோர் உண்டு. ஒரே ஒரு சான்று போதும். மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்கள் சிம்பன்சிக்கு 48, நமக்கு 46. நம் இரண்டாம் குரோமோசோமின் நடுப்பகுதியில், குரோமோசோம்களின் முனையில் வழக்கமாக இருக்கும் டி.என்.ஏ. எழுத்துவரிசை முனையோடு முனை ஒட்டிக் கிடக்கிறது. இரண்டு குரோமோசோம்கள் இணைந்து ஒன்றான தழும்பு அது.

இனி, உண்மையிலேயே கடினமான இடம். இதை மழுப்பக் கூடாது. ஆதாம்-ஏவாள் என்ற ஒரே தம்பதியிடமிருந்து எல்லாரும் வந்தோம் என்றால், ஒரு தம்பதியிடம் ஒரு மரபணுவுக்கு அதிகபட்சம் நான்கு வடிவங்களே இருக்க முடியும். நோய் எதிர்ப்பைத் தீர்மானிக்கும் சில மரபணுக்களில் இன்று மனிதரிடையே நூற்றுக்கணக்கான வடிவங்கள் உள்ளன. நம் முன்னோர் கூட்டம் ஆயிரக்கணக்கில் இருந்ததென்றே மரபணுக் கணக்குகள் பொதுவாகச் சொல்கின்றன. பயஸோ, பல முதற்பெற்றோர் என்ற கருத்தை, ஆதாமின் பாவம் எல்லாருக்கும் வந்தது என்னும் ஜென்மப்பாவப் போதனையோடு எப்படிப் பொருத்துவதென்று தெளிவாகவில்லை, ஆகவே விசுவாசிகள் அதை ஏற்க இயலாது என்றார்.

கத்தோலிக்க மெய்யியலாளர் சிலர் ஒரு வழி காட்டுகிறார்கள். உடலளவில் மனிதரான ஆயிரக்கணக்கானோர் நடுவே இருவருக்குக் கடவுள் அறிவுள்ள ஆன்மாவைத் தந்தார். அவர்கள் வழிவந்தோர் மற்றவர்களோடு கலந்தனர். தலைமுறைகள் செல்ல, அந்த இருவரும் எல்லாருக்கும் மூதாதையர் ஆயினர். வம்சாவளி ஒன்று, மரபணுவின் ஊற்று பல, இரண்டும் மோதாது. ஆதாமின் மகன் காயினுக்கு மனைவி எங்கிருந்து வந்தாள் என்ற பழைய கேள்விக்கும் இதில் இடமிருக்கிறது. இது திருச்சபையின் கோட்பாடு அல்ல, ஒரு முன்மொழிவு. அப்படித்தான் சொல்லித்தர வேண்டும்.

ஆக, அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரியைச் செதுக்கியவருக்கு ஆன்மா இருந்ததா? அங்கே கருவிகள் கிடைத்தன, செய்தவரின் எலும்பு கிடைக்கவில்லை. எலும்பே கிடைத்தாலும் ஆன்மா அதில் பதியாது. முதல் மனித ஆன்மா எப்போது படைக்கப்பட்டது என்று திருச்சபையும் ஆண்டு குறிக்கவில்லை. பிள்ளையிடம் இதை அப்படியே சொல்லலாம். அதை விட்டு, கல்லின் வயதைக் குறைத்துச் சொல்லவே கூடாது.

இன்னொரு கேள்வி கட்டாயம் வரும்: "பாவத்தால்தானே சாவு வந்தது? அதற்கு முன்பே விலங்குகள் எப்படிச் செத்தன?" உரோமையர் 5:12-ஐ எடுத்துக் கவனமாக வாசியுங்கள், எல்லா மனிதரையும் சாவு கவ்விக்கொண்டது என்றுதான் திருத்தூதர் பவுல் பேசுகிறார். சிங்கமும் பருந்தும் மனிதன் பாவம் செய்த பிறகுதான் இறைச்சி தின்னத் தொடங்கின என்ற எண்ணத்தை 13-ஆம் நூற்றாண்டிலேயே இறையியலாளர் புனித தாமஸ் அக்குவினாஸ் மறுத்துவிட்டார். மனிதனின் பாவம் விலங்குகளின் இயல்பை மாற்றவில்லை என்று எழுதினார். டார்வின் பிறக்க இன்னும் ஐந்து நூற்றாண்டுக்கு மேல் இருந்தது.