ஆட்டுக்குட்டி பிறந்த முதல் ஒரு மணி நேரம்: என்ன செய்யணும், எதைச் செய்யக்கூடாது

[காட்சி: பனையோலைக் கொட்டகை. நிறைசினையா இருக்குற செம்போரை ஆடு ஒரு மூலையில நின்னு தரையைக் காலால பறிக்குது.]

ஆவணி ஒண்ணாம் தேதி கிடாய் சேர்ந்த ஆடு, தை ஒண்ணாம் தேதியை ஒட்டிக் குட்டி போடும். சினைக்காலம் 150 நாள், அஞ்சு நாள் முன்னப்பின்ன ஆகலாம். இந்தக் கணக்கைப் பார்க்காம ஆனியில கிடாயை விட்டா, குட்டி விழுறது கார்த்திகையில. அடைமழை, வாடைக்காத்து, ஈரத்தரை மூணும் ஒண்ணா இருக்குற மாசம் அது. ராமநாதபுரம் கடலோரத்துல தை, மாசிக் குட்டிதான் நல்ல குட்டி. மழைக்கு அப்புறம் தழை இருக்கும், தாய்க்குப் பால் இறங்கும், தரையும் காய்ஞ்சிருக்கும். அதனால கிடாயைத் தனியாக் கட்டுங்க. மேய்ச்சல்ல கூடவே போற கிடான்னா, வயித்துக்குக் கீழ சாக்குத் துணி கட்டி விடுங்க. சேர்ந்த தேதியைச் சுவத்துல கரியால எழுதி வச்சாக்கூடப் போதும்.

இந்தப் பக்கம் அதிகமா இருக்குறது கொடி ஆடு. வெள்ளை உடம்புல கருப்பு தெளிச்சிருந்தா கரும்போரை, சிவப்பு தெளிச்சிருந்தா செம்போரை. ஆடு நெட்டையா இருந்தாலும் குட்டி சுமார் 2 கிலோதான் இருக்கும். அந்தச் சின்ன உடம்பு நனைஞ்சபடி காத்துல கிடந்தா, சூடு சீக்கிரமே இறங்கிடும்.

[காட்சி: கொட்டகையோட வடக்கு, கிழக்குப் பக்கம் கிடுகு வச்சு மறைக்கிறாங்க.]

முதல்ல இடம். வடக்கும் கிழக்கும் தரையில இருந்து மூணு அடி உயரத்துக்குக் கிடுகோ ஓலையோ வச்சு அடைங்க. கூரை வரைக்கும் அடைக்க வேண்டாம். மேல திறந்திருந்தாத்தான் மூத்திர நெடி வெளிய போகும். அந்த நெடி தங்கினா குட்டிக்குச் சளி பிடிக்கும். மணல் தரை தண்ணியை இழுத்துக்கும், நல்லதுதான். ஆனா ராத்திரியில மணல் ஜில்லுன்னு ஆயிடும். அதனால மணல் மேல வைக்கோல் பரப்பி, அதுக்கு மேல சணல் சாக்கு போடுங்க. உரம் வந்த பிளாஸ்டிக் சாக்கு ஈரத்தை உறிஞ்சாது, அது வேண்டாம்.

கையில இருக்க வேண்டிய சாமான்: பழைய பருத்தித் துணி நாலஞ்சு, கொதிக்க வச்ச கத்தரிக்கோல், நூல், டிங்சர் அயோடின் இல்லைன்னா போவிடோன் அயோடின், சோப்பு, கையுறை, தேங்காய் எண்ணெய், தெர்மாமீட்டர், நிப்பிள் போட்ட பால் புட்டி. தெர்மாமீட்டரை யாரும் வாங்குறதில்ல. ஆனா இந்தப் பட்டியல்ல குட்டியைக் காப்பாத்துற சாமான் அதுதான். ஏன்னு பின்னாடி சொல்றோம்.

[காட்சி: வால் அடியைக் கையால தொட்டுக் காட்டுறாங்க.]

வால் எலும்புக்கு ரெண்டு பக்கமும் தொட்டா, கெட்டியா ஒரு நாண் தட்டுப்படும். அது இளகிக் கைக்குத் தட்டுப்படாமப் போனா, ஒரு நாளுக்குள்ள குட்டி வரும்னு எடுத்துக்கலாம். மடி பளபளன்னு விறைக்கும். ஆடு மந்தையை விட்டு ஒதுங்கும், படுக்கும், எழுந்திரிக்கும், தரையைப் பறிக்கும். அன்னிக்கு மேய்ச்சலுக்கு ஓட்டாதீங்க. ஓடைக்காட்டுல தனியாக் குட்டி போட்டா, ஆள் போறதுக்குள்ள நாயும் காக்காயும் வந்து நிக்கும்.

பனிக்குடம் வெளிய வந்ததும் பக்கத்துல இருங்க, ஆனா கை வைக்காதீங்க. ரெண்டு முன்னங்கால், அதுமேல மூக்கு. இப்படி வந்தா சரியான நிலை, ஆடே போட்டுடும். ரெண்டு பின்னங்கால் முதல்ல வந்தாலும் பிறக்கும். ஆனா பாதி வெளிய வந்ததும் தொப்புள்கொடி நசுங்கும், தலை இன்னும் உள்ள இருக்கும். அந்த நிலையில முக்கல் வரும்போது காலைப் பிடிச்சு, மடி பக்கமாக் கீழ்நோக்கி, நிதானமா ஆனா தாமதிக்காம இழுக்கணும். தலை மட்டும் வந்து காலைக் காணோம், ஒரு கால் மட்டும் வருது, வால் மட்டும் தெரியுது, மூணு கால் தெரியுது. இதெல்லாம் இழுக்கக்கூடாத நிலை. மூணு கால்னா ரெண்டு குட்டி பின்னிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். பலமா முக்கி அரை மணி நேரம் ஆகியும் ஒண்ணும் வரலன்னா 1962க்கு போன் போடுங்க. கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ வண்டி எண் அது. வண்டி வரத் தாமதமாகி நீங்களே கை விட வேண்டி வந்தா, நகத்தை வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, கையுறை மேல எண்ணெய் தடவிக்கோங்க. வெறுங்கை கூடாது. சினையைக் கலைக்கிற கன்றுவீச்சு நோய் ஆட்டுல இருந்து மனுஷருக்கும் வரும். கர்ப்பிணிப் பெண்கள் இந்த வேலைக்குப் பக்கத்துலயே வர வேண்டாம்.

[காட்சி: குட்டி பிறக்குது. துணியால மூக்கைத் துடைக்கிறாங்க.]

குட்டி விழுந்ததும் மூக்கையும் வாயையும் துடைங்க. மூச்சு வரலைன்னா ஒரு வைக்கோல் துரும்பை மூக்குத் துளையில விட்டு நெருடுங்க, தும்மும். நெஞ்சை ரெண்டு பக்கமும் சொரசொரப்பான துணியால தேயுங்க. பின்னங்காலைப் பிடிச்சுத் தலைகீழாத் தூக்குறது சளி வடியுற அளவுக்கு ஒரு சில நொடி போதும். அப்புறம் தாய் முன்னாடி வச்சிடுங்க. தாய் நக்குறது வெறும் ஈரம் துடைக்கிற வேலை இல்ல. அந்த வாசனையிலதான் தன் குட்டின்னு அது பிடிச்சு வைக்கும். சுத்தமா இருக்கட்டும்னு குட்டியைத் தண்ணி விட்டுக் கழுவினா குளிரும், வாசனையும் போயிடும். தாய் சேர்க்காம முட்டித் தள்ளுறது பல நேரம் இதனாலதான்.

தொப்புள்கொடி தானா அறுந்திருக்கும். நீளமாத் தொங்கினா வயித்துல இருந்து ரெண்டு விரல் அளவு விட்டு நூலால இறுக்கிக் கட்டி, முடிச்சுக்குக் கீழ வெட்டுங்க. சின்னக் கிண்ணத்துல அயோடின் ஊத்தி, கொடி முழுக்க நனையுற மாதிரி முக்குங்க. சாயங்காலம் ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை திரும்பவும் முக்கணும். சாம்பல், சாணி எதுவும் வைக்காதீங்க. சாணி வச்சா ரணஜன்னின்னு சொல்ற டெட்டனஸ் உள்ள போக வழி கிடைச்ச மாதிரி. ஒரு வாரம் கழிச்சு முட்டி வீங்கி நொண்டுற குட்டிகள்ல பலதுக்கு, கிருமி நுழைஞ்ச வாசல் தொப்புள்தான்.

அடுத்தது சீம்பால். இந்த வீடியோ முழுக்க இதுக்காகத்தான்.

“நஞ்சுக்கொடி விழட்டும், அப்புறம் குடிக்க விடலாம்” என்ற பேச்சு இன்னும் நிறைய வீட்டுல இருக்கு. தயவுசெஞ்சு விட்டுடுங்க. மனுஷக் குழந்தைக்கு வயித்துக்குள்ளயே தாய்கிட்ட இருந்து நோய் எதிர்ப்புச் சக்தி போகும். ஆட்டுக்கு அப்படி இல்ல. குட்டி எந்த எதிர்ப்பும் இல்லாமப் பிறக்குது. அத்தனையும் சீம்பால்லதான் இருக்கு. அந்தச் சத்தைக் குட்டியோட குடல் அப்படியே ரத்தத்துக்குள்ள விடுறது முதல் சில மணி நேரம்தான் நல்லா நடக்கும். போகப்போகக் குறைஞ்சு, 24 மணி நேரத்துல வாசல் மூடிடும். நஞ்சுக்கொடி விழ எத்தனையோ மணி நேரம் ஆகலாம். அதுக்குக் காத்திருந்தா வாசல் மூடின பிறகு போய்த் தட்டுற கதைதான். இன்னொண்ணு, குட்டி மடியை முட்டிக் குடிக்கும்போது தாயோட கர்ப்பப்பை சுருங்கும், நஞ்சு சீக்கிரம் விழும். ஆக, விழட்டும்னு காத்திருக்கிறதே விழுறதைத் தாமதப்படுத்துது.

அளவு: ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 50 மில்லி. 2 கிலோ குட்டிக்கு முதல் மணி நேரத்துல 100 மில்லி, முதல் நாள் முழுக்கச் சேர்த்து 300 முதல் 400 மில்லி. குடிக்க விடுறதுக்கு முன்னாடி ரெண்டு காம்பையும் கழுவி, ரெண்டு பீச்சு கீழ பீச்சுங்க. காம்பு நுனியில மெழுகு மாதிரி அடைப்பு இருக்கும். பலமில்லாத குட்டியால அதை உறிஞ்சி எடுக்க முடியாது. காம்பை வாயில வச்சிருந்துச்சுன்னு பார்த்துட்டுப் போயிடாதீங்க. வயித்தைத் தொட்டுப் பாருங்க, வாய்க்குள்ள விரல் விட்டுப் பாருங்க. வயிறு நிறைஞ்சு வாய் சூடா இருந்தாக் குடிச்சிருக்கு. வயிறு ஒட்டி, முதுகு கூனி, வாய் ஜில்லுன்னு இருந்தாக் குடிக்கல.

[காட்சி: தெர்மாமீட்டர். ஆசனவாயில வச்சுப் பார்க்கிறாங்க.]

இப்ப தெர்மாமீட்டருக்கு வருவோம். குட்டியோட இயல்பான சூடு 102 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட். 98.6க்குக் கீழ இறங்கின குட்டிக்கு வாயில பால் ஊத்தக்கூடாது. விழுங்கத் தெம்பு இருக்காது, பால் நுரையீரலுக்குப் போகும், வயித்துக்குப் போனாலும் செரிக்காது. முதல்ல சூடு ஏத்துங்க. வெந்நீர் ஊத்தின பாட்டிலைத் துணியில சுத்தி ரெண்டு பக்கமும் வைங்க, குட்டியைச் சாக்கால போர்த்துங்க. ஓலைக் கொட்டகைக்குள்ள நூறு வாட் பல்பைத் தாழத் தொங்கவிடுறது வேண்டாத விளையாட்டு, வைக்கோல் பத்திக்கும். சூடு ஏறினதும் பால் கொடுங்க. பிறந்து அஞ்சாறு மணி நேரம் பட்டினி கிடந்து குளிர்ந்த குட்டின்னா மருத்துவரைக் கூப்பிடணும். அதுக்குச் சூடு ஏத்துறதுக்கு முன்னாடியே குளுக்கோஸ் ஊசி தேவைப்படும்.

தாய் செத்துப்போச்சு, இல்ல பால் இல்லைன்னா, அன்னைக்கே ஈன்ற வேற ஆட்டோட சீம்பால். அதுவும் இல்லைன்னா பசுவோட சீம்பால். கொதிக்க வச்சாத் திரிஞ்சிடும், உள்ள இருக்குற சத்தும் போயிடும். வெந்நீர்ச் சட்டிக்குள்ள பாத்திரத்தை வச்சு, கை பொறுக்குற சூட்டுக்குக் கொண்டு வாங்க. புட்டியில கொடுக்கும்போது குட்டி நின்னபடி, கழுத்தை நிமிர்த்திக் குடிக்கணும். மல்லாக்கப் போட்டு ஊத்தாதீங்க. புட்டியைக் கவுத்தா நிப்பிள்ல சொட்டுச் சொட்டா விழணும், ஒழுகக்கூடாது.

தாயையும் கவனிக்கணும். வெதுவெதுப்பான நல்ல தண்ணியில கருப்பட்டியும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு வைங்க. இந்த ஒரு வாரமாவது கிணத்து உப்புத்தண்ணி வேண்டாம். குடிக்கிறது குறைஞ்சாப் பாலும் குறையும். பாவம்னு சொல்லி அரிசிச்சோறும் கஞ்சியும் வயிறு முட்டக் கொடுப்பாங்க. வயித்துல புளிச்சு, ஆடு உப்பிச் சாகுறது இப்படித்தான். தழையும் கொஞ்சம் தவிடும் போதும். நஞ்சுக்கொடி தொங்கினா இழுக்காதீங்க, கல்லு கட்டாதீங்க. 12 மணி நேரம் தாண்டினா மருத்துவர். விழுந்ததும் நாய் இழுக்காத ஆழத்துல புதைங்க.

[காட்சி: குட்டிகளைக் கவுத்து மூடுற பனைநார்க் கூடை, அதாவது பஞ்சாரம், உள்ள ரெண்டு குட்டி.]

முதல் மூணு நாள் தாயை வீட்டுலயே நிறுத்துங்க. அப்புறம் குட்டிகளைப் பஞ்சாரத்துல கவுத்துட்டு, தாயை மேய்ச்சலுக்கு ஓட்டலாம், ஆனா மதியம் ஒரு தடவை தாய் திரும்பி வந்தாகணும். ஒரு பஞ்சாரத்துல ரெண்டு, மூணு குட்டிக்கு மேல வேண்டாம். நிழல்ல வைங்க, காத்துக்குக் கவுறாம மேல கல்லு வைங்க. பழைய மீன்வலையைப் போர்த்தினா குட்டி கால் சிக்கிக்கும்.

முதல்ல கருப்பாப் பிசுபிசுன்னு கழியும், அப்புறம் மஞ்சளாகும். அந்த மஞ்சள் காய்ஞ்சு வாலோட ஒட்டி ஆசனவாயை அடைச்சிடும். தினமும் வாலைத் தூக்கிப் பார்த்து, வெந்நீர்த் துணியால துடைங்க. தண்ணியாக் கழிஞ்சாப் பாலை நிறுத்தாதீங்க. ஒரு லிட்டர் ஆறின தண்ணியில ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைச்சு, பாலுக்கு நடுநடுவுல கொடுங்க. ரத்தம் கலந்து போனா, குட்டி எழுந்திரிக்கலைன்னா வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்ல.

ரெண்டு, மூணு வாரத்துல இளந்தழையைக் கடிக்க ஆரம்பிக்கும். அகத்தி, வேம்புக் கொத்தைத் தரையில போடாம, குட்டிக்கு எட்டுற உயரத்துல கட்டித் தொங்கவிடுங்க. மண்ணை நக்குற குட்டி இருந்தா தாதுஉப்புக் கட்டி ஒண்ணு பக்கத்துல கட்டுங்க, குடற்புழு மருந்துக்கும் மருந்தகத்துல கேளுங்க. பிபிஆர்னு சொல்ற ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி குட்டிக்கு நாலு மாசத்துல. துள்ளுமாரின்னு சொல்ற குடல் நச்சு நோய்க்கும் டெட்டனஸுக்குமான ஊசியைக் குட்டி போடுறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே தாய்க்குப் போட்டுடுங்க. அந்த எதிர்ப்புச் சக்திதான் சீம்பால் வழியாக் குட்டிக்கு வரும். ஆவணியில சேர்ந்த ஆட்டுக்கு, அந்த ஊசி நாள் மார்கழிப் பிறப்பு.