40 நிமிட சிம்பொனியில் ஒரே ஒரு அடி! கம்யூனிட்டி ஆர்கெஸ்ட்ராவின் சீசனை உண்மையில் முடிவு செய்வது யார்?

[திரையில்: மேடையின் கடைசி வரிசை. மடியில் இரண்டு பித்தளைத் தட்டுகளுடன் ஒருவர்.]

வணக்கம் மக்களே! பின்னால் உட்கார்ந்திருக்கிறாரே, அவரைப் பாருங்கள். அவர் கையில் இருப்பது சிம்பல். இது ஒரு கம்யூனிட்டி ஆர்கெஸ்ட்ரா, ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் இசைக்குழு. இன்று இவர்கள் வாசிப்பது இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனி, ‘புதிய உலகிலிருந்து’. நான்கு பகுதிகள், ஏறக்குறைய 40 நிமிடம். அதில் அந்தத் தட்டு ஒலிக்க வேண்டியது எத்தனை தடவை தெரியுமா? ஒரே ஒரு தடவை. இதற்காக வாரா வாரம் ஒத்திகைக்கு வருகிறார். சம்பளம் கிடையாது. பல குழுக்களில் சந்தா என்று இவர்தான் பணம் கட்ட வேண்டும்!

இவர் கதைக்குத் திரும்ப வருவோம். அதற்கு முன் பின்னணியை வேகமாக முடித்துவிடுகிறேன், சேனலை மாற்றிவிடாதீர்கள்.

அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆர்கெஸ்ட்ராக்கள் உண்டு. நியூயார்க், பாஸ்டன், சிகாகோ மாதிரி பெரிய பெயர்கள் கொஞ்சம்தான். பெரும்பாலானவை ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்துபவை. பகலில் ஆசிரியர், கணக்காளர், நர்ஸ். வாரத்தில் ஒரு சாயங்காலம் மட்டும் வயலின்காரர். பள்ளிக்கூட அரங்கத்திலோ சர்ச்சிலோ கச்சேரி. ஒரே தொழில்காரர்கள் சேர்ந்தும் நடத்துவார்கள்: லாஸ் ஏஞ்சலிஸில் டாக்டர்களுக்கென்றே ஒரு சிம்பொனி 1953 முதல் இருக்கிறது. கச்சேரி நடுவில் யாராவது மயங்கி விழுந்தால் கவலையே இல்லை. செப்டம்பர், அக்டோபரில் சீசன் தொடங்கும், மே, ஜூனில் முடியும், நடுவில் நான்கைந்து கச்சேரி. பின்னணி அவ்வளவுதான்.

[திரையில்: வழவழப்பான தாளில் அச்சடித்த சீசன் அட்டவணை.]

இப்போது இந்த அட்டவணை. அழகான படம், கண்டக்டரின் (குச்சியை அசைத்துக் குழுவை நடத்துபவர்) புன்னகை, ‘இந்த ஆண்டு நம்பிக்கையின் பயணம்’ என்பது போல ஒரு தலைப்பு. பார்த்தால் கண்டக்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்து, மனத்துக்குப் பிடித்த இசையைத் தேர்ந்தெடுத்த மாதிரி இருக்கும். நம்பாதீர்கள். அந்தத் தலைப்பு பெரும்பாலும் கடைசியில் ஒட்டுவது. முதலில் கேட்கிற கேள்வி, ‘இந்த வருஷம் நம்மிடம் யார் யார் இருக்கிறார்கள்?’

ஃப்ளூட் வாசிக்கிறவர்கள் எந்த ஊரிலும் தேவைக்கு மேல் கிடைப்பார்கள். சிம்பொனிக்கு வேண்டியதோ இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று. மற்றவர்கள் காத்திருப்போர் பட்டியலில். ஆனால் ஊதுகருவிகளில் ஓபோ? பசூன்? தந்திக் கருவிகளில் வயோலா? டபுள் பாஸ்? தேடிப் பிடிக்க வேண்டும். ஓபோக்காரர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போனால் ஒரு சீசனே ஆட்டம் காணும். அப்போது காசு கொடுத்து வெளியாளைக் கூட்டி வருவார்கள். அந்த வட்டாரத்தில் அவருக்கு ‘ரிங்கர்’ என்று பெயர். கடைசி ஒத்திகைக்கு வருவார், அலட்டிக்கொள்ளாமல் வாசிப்பார், காசோலையை வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆறு வாரம் அதே இடத்தில் தடுமாறிக்கொண்டிருந்தவர்கள் அவரைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே!

இங்கேதான் நம்ம துவோர்ஷாக் ஜெயிக்கிறார். ‘புதிய உலக’த்துக்கு ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், பசூன் எல்லாம் இரண்டிரண்டு போதும். ஹார்ன் நான்கு வேண்டும். ஹார்ப் வேண்டாம். மெட்டு எல்லோருக்கும் தெரியும். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. 1892-ல் நியூயார்க்கில் ஒரு இசைப் பள்ளிக்கு இயக்குநராக வந்த செக் நாட்டுக்காரர் அவர். அங்கே படித்த ஹாரி பர்லே என்ற கறுப்பின மாணவர் பாடிக் காட்டிய பாடல்களில் சொக்கிப் போனார். சிம்பொனி 1893 டிசம்பர் 16 அன்று கார்னகி ஹாலில் அரங்கேறியது. இரண்டாம் பகுதியில் காரங்லே என்ற, ஓபோவின் அண்ணன் மாதிரியான கருவி ஒரு மெட்டு வாசிக்கும். 1922-ல் துவோர்ஷாக்கின் மாணவர் ஒருவர் அந்த மெட்டுக்கு வரிகள் எழுதினார். அதைப் பழைய நாட்டுப்பாடல் என்றும், துவோர்ஷாக் அங்கிருந்துதான் எடுத்தார் என்றும் நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நடந்தது நேர் தலைகீழ்.

சரி, சிம்பல்காரர். (இதற்காகத்தான் இந்த வீடியோவே, ஒப்புக்கொள்கிறேன்.)

அந்த ஒற்றை அடி எங்கே வருகிறது? நான்காம் பகுதியில், 64-ஆவது தாளக் கட்டத்தில். அதாவது கச்சேரி தொடங்கி அரை மணி நேரத்துக்கு மேல் போன பிறகு. ‘ஜங்’ என்று அரங்கமே அதிரும் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை! துவோர்ஷாக் அங்கே எழுதியிருப்பது அளவான சத்தம். தட்டோடு தட்டு உரசி ‘ஸ்ஸ்’ என்று அடங்கும், அவ்வளவுதான். கல்யாணத்தில் ஐயர் கை அசைக்கும் வரை தவில்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருப்பார் இல்லையா, அதே நிலைமை. ஆனால் கெட்டி மேளம் தெருமுனை வரை கேட்கும். இந்த அடி முதல் வரிசைக்கே கேட்டால் அதிர்ஷ்டம்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். மூன்றாம் பகுதியில் டிரையாங்கிள் என்ற முக்கோணக் கம்பி உண்டு, பெரும்பாலும் அதையும் இவரே அடித்துவிடுவார். ஆகவே முழுசாகச் சும்மா இருக்கிறார் என்று சொல்ல முடியாது. என் அனுதாபம் உண்மையில் டியூபா என்ற பெரிய ஊதுகருவிக்காரருக்குத்தான். எட்டுப் பத்து கிலோ பித்தளையைக் காரிலிருந்து இறக்கி, மாடிப்படி ஏற்றிக் கொண்டுவருகிறார். அவருக்கு இரண்டாம் பகுதியில் மட்டும்தான் வேலை, மொத்தம் 14 சுரம். மூன்றாவதும் நான்காவதும் முழுக்க வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். மேடையில் இருப்பதால் கொட்டாவிகூட விட முடியாது.

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது, சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஆஸ்திரிய இசையமைப்பாளர் புரூக்னரின் ஏழாவது சிம்பொனி. ஒரு மணி நேரத்துக்கு மேல். இரண்டாம் பகுதியின் உச்சியில் ஒரே ஒரு சிம்பல் அடி, இது அசல் பெரிய அடி. ஆனால் கையெழுத்துப் பிரதியில் அந்த அடி தனிச் சீட்டில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. அந்தச் சீட்டின் மேல் ‘செல்லாது’ என்று ஒரு குறிப்பு. எழுதியது புரூக்னரா, வேறு யாராவதா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ஹாஸ் என்பவர் தொகுத்த பதிப்பில் அந்த அடி இல்லை, நோவாக் என்பவர் தொகுத்ததில் இருக்கிறது. கண்டக்டர் எந்தப் பதிப்பை எடுக்கிறார் என்பதைப் பொறுத்து இவருக்கு வேலை உண்டு, அல்லது வீட்டிலேயே இருக்கலாம்! உங்கள் கருத்து என்ன, அடிக்கலாமா வேண்டாமா? கமெண்டில் சொல்லுங்கள். நான் அடிக்கிற கட்சி. (கம்யூனிட்டி குழுக்கள் இதை அதிகம் தொடுவதில்லை. அதற்கு வேண்டிய வாக்னர் டியூபா என்ற அபூர்வ ஊதுகருவி நான்குக்கு எங்கே போவது?)

அடுத்த கேள்வி, பணம். பழைய இசை என்றால் தாள்களை வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளலாம், இணையத்தில் இலவசமாகவும் இறக்கலாம். ஆனால் அமெரிக்க இசையமைப்பாளர் கோப்லாண்டின் ‘அப்பலேச்சியன் ஸ்பிரிங்’ மாதிரி 1940-களின் இசைக்கு இன்னும் காப்புரிமை இருக்கிறது. ஆர்கெஸ்ட்ராவுக்கான தாள்களைப் பதிப்பகம் வாடகைக்குத்தான் தரும். கச்சேரி முடிந்ததும் பென்சில் குறிப்புகளை அழித்துத் திருப்பி அனுப்ப வேண்டும்.

இன்னொரு அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் ‘ராப்சடி இன் புளூ’ இதில் ஒரு வேடிக்கை. 1924-ல் வெளியானது, 2020 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் பொதுச் சொத்தானது. அப்பாடா, இலவசம் என்று குதிக்கலாமா? பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள் வழக்கமாக வாசிப்பது ஃபெர்டே குரோஃபே 1942-ல் வெளிவரச் செய்த வடிவம். அதன் காப்புரிமை தனிக் கணக்கு. சிறிய ஜாஸ் குழுவுக்காக எழுதிய முதல் வடிவத்தை வாசித்தால் வாடகை மிச்சம், ஆனால் பாதி வயலின்காரர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் சந்தா கட்டியவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

டிசம்பர் கச்சேரிதான் கல்லாப்பெட்டி. குழந்தைகள் வருவார்கள், குழந்தைகளோடு தாத்தா பாட்டி வருவார்கள், டிக்கெட் விற்கும். ரஷ்ய இசையமைப்பாளர் சைக்காவ்ஸ்கியின் ‘நட்கிராக்கர்’ பாலே இசை கட்டாயம். அதில் மணி மணியாக ஒலிக்கும் செலஸ்டா என்ற பியானோ மாதிரியான கருவியை அவர் பாரிஸில் கண்டுபிடித்து, சக இசையமைப்பாளர்கள் ரிம்ஸ்கி-கோர்சகோவுக்கும் கிளாசுனோவுக்கும் தெரிந்துவிடக் கூடாது, முதலில் நான்தான் பயன்படுத்துவேன் என்று பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். எவ்வளவு பெரிய மனிதருக்கும் இந்தப் புத்தி! இன்று ஊர்க்குழுக்களிடம் ஏது செலஸ்டா? எலெக்ட்ரிக் கீபோர்டில் ஒரு பொத்தான். அப்புறம் ‘ஸ்லே ரைடு’. பனிச்சறுக்கு வண்டிப் பாட்டு, குதிரைக் கனைப்பை டிரம்பெட் வாசிக்கும். லீராய் ஆண்டர்சன் அதை எழுதத் தொடங்கியது ஜூலை மாத வெயிலில்.

வசந்தகால கச்சேரியில் உள்ளூர்ப் பள்ளி மாணவர் யாராவது போட்டியில் ஜெயித்து கான்செர்ட்டோ வாசிப்பார், அதாவது அவர் தனியாக முன்னால் வாசிக்க ஆர்கெஸ்ட்ரா பின்னால் வாசிக்கும். சொந்தக்காரர்களால் அரங்கம் நிறையும்.

கடைசியாக, சீசன் முடிந்த பிறகு, ஜூலை 4, பூங்காவில் திறந்தவெளி. சைக்காவ்ஸ்கியின் ‘1812’ இல்லாமல் அது முடியாது. அமெரிக்கச் சுதந்திர நாளில், நெப்போலியனை ரஷ்யா விரட்டியதைப் பற்றி ஒரு ரஷ்யர் எழுதிய இசை! 1974-ல் பாஸ்டன் பாப்ஸ் குழு பீரங்கி, வாணவேடிக்கையோடு வாசித்ததிலிருந்து வழக்கமாகிவிட்டது. இசைத்தாளில் கேட்டிருப்பது 16 பீரங்கி வெடி. ஊர்க்குழுவின் பட்ஜெட்டில் கிடைப்பது ஒரு பெரிய டிரம்மும், கொஞ்சம் தாமதமாக வெடிக்கும் ஒரு ஸ்பீக்கரும்.

[திரையில்: அட்டவணையின் கடைசிப் பக்கம்.]

அமெரிக்காவில் இருக்கிற நண்பர்களே, அட்டவணை கையில் கிடைத்தால் முன்பக்கத்தை விடுங்கள், கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். ‘வாசிப்பவர்கள் தேவை: வயோலா, பசூன், டபுள் பாஸ்’ என்று பொடி எழுத்தில் இருக்கும். எந்தச் சிம்பொனியை ஏன் தவிர்த்தார்கள் என்பது அந்த வரியில் தெரிந்துவிடும். கல்லூரியில் வாசித்த பசூன் யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால், தூசி தட்டிக்கொண்டு அடுத்த ஒத்திகைக்குப் போங்கள். ஃப்ளூட் என்றால் மட்டும் முதலில் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.