ஹேமக்கில் முதுகு வலிக்காமல் படுக்க

நேயர்களுக்கு வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்து அரியமான் கடற்கரையில் சவுக்கு நிழலில் ஹேமக், அதாவது இரு மரங்களுக்கு நடுவே தொங்கும் துணிப் படுக்கை, கட்டிப் படுப்பவர்கள் பலர், தோள் நெருக்குகிறது, முதுகு வலிக்கிறது என்று சீக்கிரமே இறங்கிவிடுகிறார்கள். துணியில் குறை இல்லை. இழுத்துக் கட்டியதுதான் கோளாறு. விறைப்பாகக் கட்டினால் துணியின் இரு ஓரமும் எழும்பி உடம்பை நடுவில் வைத்து நெருக்கும். பிள்ளைக்குக் கட்டும் தூளி போலத் தாராளமாகத் தொய்யட்டும்.

துணியை மரத்தோடு இணைக்கும் பெல்ட், மரத்திலிருந்து கிடைமட்டத்துக்குக் கீழே 30 பாகை சாய்ந்து இறங்க வேண்டும். ஆள் உட்கார்ந்ததும் பெல்ட்டில் 2 அடி அளந்து பாருங்கள். அந்த நீளத்துக்குள் 1 அடி கீழே இறங்கியிருந்தால் சாய்வு சரி. அப்போது 70 கிலோ ஆள் படுத்தால் ஒவ்வொரு பெல்ட்டிலும் 70 கிலோ இழுவிசை. சாய்வு 10 பாகையானால் அதே ஆளுக்கு ஒரு பக்கம் 200 கிலோ! முடிச்சு இறுகி அவிழ மறுப்பதும் தையல் விடுவதும் இதனால்தான். மரங்களுக்கு நடுவே 14 அடி இருந்தால் பெல்ட்டை ஏறக்குறைய 6 அடி உயரத்தில் சுற்றுங்கள். உட்காரும் இடம் தரையிலிருந்து 18 அங்குலம் போதும்.

எங்கே கட்டினாலும் ஒரே தொய்வு கிடைக்க, துணியின் இரு முனைகளையும் இணைத்து மேலே ஒரு கயிறு கட்டிவிடலாம். அந்தக் கயிற்றின் நீளம் துணி நீளத்தில் 83 விழுக்காடு வேண்டும். 11 அடித் துணிக்கு 9 அடி 2 அங்குலம். நைலான் கயிறு வேண்டாம், இழுபடும். பாலியெஸ்டர் நல்லது. படுத்தபின் அந்தக் கயிறு விரலுக்குச் சற்றும் வளையாவிட்டால் பெல்ட்டை இன்னும் தளர்த்துங்கள்.

இனி, படுக்கும் விதம். இதைச் சரியாகச் செய்தாலே பாதி வலி போய்விடும். நேராக நீட்டிப் படுக்காதீர்கள். தலையை நடுக்கோட்டுக்கு இடப்பக்கமும் காலை வலப்பக்கமுமாகக் கோணலாக வையுங்கள். முதுகு கிட்டத்தட்ட சமமாகிவிடும். உடம்பு கால்பக்கம் சறுக்கினால் அந்தப் பக்கத்து பெல்ட்டை ஒரு சாண் உயர்த்துங்கள். முழங்கால் பின்னால் வளைந்து வலித்தால் அடியில் சிறு தலையணை. கெண்டைக்காலில் துணி மடிப்பு உறுத்தினால் கோணலைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.

நம் கரையில் மரம் பார்த்துக் கட்டுவது முக்கியம். மெல்லிய சவுக்கு பாரத்தில் வளைந்து, விடிவதற்குள் ஆளைத் தரைக்கு இறக்கிவிடும். தென்னையடியில் கட்டவே கூடாது. பனையில் கருக்குமட்டை பெல்ட்டை அறுக்கும். ஆவணியில் பழமும் விழும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஹேமக்கின் ஒரு முனை காற்றைப் பார்த்து இருக்கட்டும், ஆட்டம் குறையும். வாடைக் காலத்தில் அடியிலிருந்து குளிரும். உள்ளே விரிக்கும் கம்பளி உடம்புக்கடியில் நசுங்கி வெப்பத்தைக் காக்காது. அதைத் துணிக்கு வெளியே, அடியில் ஒட்டினாற்போலத் தொங்கவிடுங்கள்.

கழற்றியதும் இரும்புக் கொக்கிகளை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வெளுத்த துணியும் பெல்ட்டும் வலுவிழந்திருக்கும். ஓரத் தையலில் நூல் பிசிறியிருந்தால் அதில் ஆள் ஏறக்கூடாது.