செய்திக்குக் கீழே ஓர் எண்

(சேலத்தில் உள்ளூர் நிருபர்களும் உதவி மையப் பணியாளர்களும் கூடிய அரங்கில் பேசியது)

நிருபர் தோழர்களே, உதவி மையங்களில் போன் எடுக்கும் சகோதர சகோதரிகளே, வணக்கம்.

தற்கொலைச் செய்திக்கு அடியில் 104, 14416 என்று எண் போடுகிறோம். நல்ல வழக்கம். ஆனால் அதோடு நின்றுவிட்டோம். பெற்ற தாயைப் பழைய பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் போன மகனைப் பற்றி எழுதுகிறோம், முதியோருக்கான 14567 கீழே இருப்பதில்லை. குழந்தைத் திருமணம் நின்ற செய்தியில் குழந்தைகளுக்கான 1098 இருப்பதில்லை. அதே நிலையில் இருக்கும் இன்னொரு வீட்டாரும் அந்தச் செய்தியைப் படிக்கிறார்கள் என்பது நமக்குத் தோன்றுவதே இல்லை.

அமெரிக்காவில் 211 என்று ஓர் எண் உண்டு. 1997-ல் அட்லாண்டாவில் தொடங்கியது. வாடகை கட்ட முடியவில்லை, கரண்டைப் பிடுங்கிவிட்டார்கள், சாப்பாட்டுக்கு வழியில்லை, எதற்கு அழைத்தாலும் எங்கே போகலாம் என்று சொல்வார்கள். டெட்ராய்ட் நகரில் சாரா அல்வாரெஸ் என்ற பத்திரிகையாளர், மக்கள் அந்த எண்ணில் என்னதான் கேட்கிறார்கள் என்று பார்த்தார். வீட்டுப் பிரச்சினையும் கரண்ட், தண்ணீர் பில்லும் முன்னால் நின்றன. அதை வைத்தே 2016-ல் அவுட்லையர் மீடியா என்ற செய்தி நிறுவனத்தைத் தொடங்கினார். குடியிருக்கும் வீட்டின் முகவரியை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பினால் அது யார் பேரில் இருக்கிறது, வரி பாக்கி உண்டா என்று பதில் வரும். எனக்குப் பிடித்தது அந்த வரிசைதான்: கேள்வி முதலில், செய்தி அப்புறம்.

நம்மிடம் அப்படி ஒரே எண் இல்லை. பெண்களுக்கு 181, சட்ட உதவிக்கு 15100, பண மோசடிக்கு 1930 என்று சிதறிக் கிடக்கின்றன. பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு என்பது 1987 சட்டம். அம்மாபேட்டைத் தறிக்காரர் வீட்டில் இது எத்தனை பேருக்குத் தெரியும்?

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசலில் யாராவது மண்ணெண்ணெய் கேனோடு வருவாரா என்று கேமராவோடு நிற்கிறோமே, அந்த மனிதர் அதற்கு முன் எத்தனை இடத்தில் கேட்டிருப்பார்! உதவி மையங்கள் மாதம் ஒருமுறை எந்தப் பகுதியிலிருந்து என்ன விஷயமாக அழைப்பு வருகிறது என்று மட்டும் சொன்னால் போதும். ஏற்காட்டு மலைக்கிராமங்களிலிருந்து சாதிச் சான்றிதழ் பற்றியே கேட்கிறார்கள் என்றால், மறியல் வரும்வரை காத்திருக்காமல் நிருபர் மலையேறிவிடலாம்.

பெயர், போன் நம்பர், தெரு எதுவும் வேண்டாம். கேட்காதீர்கள், கொடுத்தாலும் வாங்காதீர்கள். குழந்தைகள் விஷயத்தில் அடையாளம் வெளியாவது இளைஞர் நீதிச் சட்டம் 74-வது பிரிவின்படி குற்றம்.

அப்புறம், எண்ணை அச்சில் ஏற்றும் முன் நீங்களே ஒருமுறை அழைத்துப் பாருங்கள். 14567 காலை 8 முதல் இரவு 8 வரைதான். அதையும் சேர்த்துப் போடுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு அடித்துப் பார்த்து ஓய்ந்துபோனவர் மறுபடி எந்த எண்ணையும் நம்பமாட்டார். வேலை நேரத்திலேயே யாரும் எடுக்கவில்லையா, அதுவும் செய்திதான். நம்மோடு சேர்ந்து வேலை செய்கிறார்களே என்று தயங்க வேண்டாம். இங்கே உட்கார்ந்திருக்கும் உதவி மையத்தார் இதற்கு இப்போதே சரி சொல்லிவிட்டால், அடுத்த மாதக் கூட்டத்தின் தேதியை இன்றே முடிவு செய்யலாம்.