29சி பேருந்தில் கடற்கரைக்கு: சென்னையில் குழந்தைகளோடு ஒரு காலை

அன்பு நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். இப்போது காலை ஆறரை மணி. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில், கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்திற்குச் சற்றுத் தள்ளி மணலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன். என் ஏழு வயது மகளும் நான்கு வயது மகனும் பின்னால் ஒரு நண்டு வளையருகே குப்புறப் படுத்திருக்கிறார்கள்.

குழந்தைகளை வெளியே அழைத்துப் போவதென்றால் கை நிறையப் பணம் வேண்டும் என்று உங்களில் பலர் எழுதியிருந்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இதே கடற்கரைக்கு வந்துவிட்டு வீடு திரும்பியதும் கணக்கு எழுதிப் பார்த்தேன். மணலுக்கும் கடலுக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் பலூன், சோளம், பஞ்சுமிட்டாய், குளிர்பானம், தூங்கிவிழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பேருந்துக்கு நிற்க முடியாமல் பிடித்த ஆட்டோ என எழுநூறு ரூபாய்க்கு மேல் போயிருந்தது. எந்த இடத்திற்குப் போகிறோம் என்பதைவிட எந்த நேரத்திற்குப் போகிறோம் என்பதே செலவை முடிவு செய்கிறது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

இந்த நேரத்தில் மணல்வெளிக் கடைகள் பெரும்பாலும் திறந்திருப்பதில்லை. குழந்தை கேட்டு அழவும் நாம் மறுத்து மனம் வருந்தவும் இங்கே எதுவும் இல்லை. மாதத்தில் ஒரு மாலை தேங்காய், மாங்காய், பட்டாணிச் சுண்டலுக்கென்றே மெரினாவுக்குப் போவோம். அந்தச் செலவை நான் வீண் என்று சொல்லவே மாட்டேன். அதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு போகிறோம், அவ்வளவுதான்.

மாலை நேரம்தான் வசதி என்பவர்கள் காற்றைக் கவனிக்க வேண்டும். நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று வீசத் தொடங்கும். மே, ஜூன் மாதங்களில் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று வலுவாக இருக்கும் நாட்களில் அது தாமதமாகவே ஊருக்குள் நுழையும். அத்தகைய நாட்களில் ஐந்தரை மணிக்கு முன்பு குழந்தைகளை வெளியே அழைத்துச் செல்ல வேண்டாம் என்பதே என் கருத்து.

பயணச் செலவைச் சொல்கிறேன். நாங்கள் பெரம்பூரில் வசிக்கிறோம். அங்கிருந்து பெசன்ட் நகருக்கு 29சி ஒன்றே போதும். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் எனக்கும் மகளுக்கும் காசு இல்லை. ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் கட்டணம் இல்லாததால் மகனுக்கும் இல்லை. அத்தகைய பேருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கென்று கால்மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுகிறோம். பையில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், எவர்சில்வர் டப்பாவில் நேற்றிரவே கலந்து வைத்த புளிசாதம், மணலைத் துடைக்கப் பழைய பருத்தித் துண்டு, ஒரு மாற்றுடை. பசி வந்த பிறகு கடையைத் தேடினால்தான் பணம் கரைகிறது. ஆகவே குழந்தைகள் கேட்பதற்கு முன்பே, வந்த ஒரு மணி நேரத்திற்குள் சாப்பாட்டைக் கொடுத்துவிடுவேன்.

இப்போது அந்த வளையைக் காட்டுகிறேன், பாருங்கள். நண்டு ஒரு பிடி ஈர மணலை அணைத்துக்கொண்டு மேலே வருகிறது, அதை வீசி எறிகிறது, மீண்டும் உள்ளே போகிறது. எறிந்த மணல் விசிறிபோல ஒரே பக்கமாகப் பரவிக் கிடக்கிறது. நம் நிழல் விழுந்தால் மறைந்துவிடும். அசையாமல் இருந்தால் முதலில் காம்பின் நுனியில் நிற்கும் இரண்டு கண்கள் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். வீட்டில் இரண்டு நிமிடம் ஓரிடத்தில் உட்காராத என் மகன் இதற்காக இருபது நிமிடம் மூச்சடக்கிப் படுத்திருப்பதைப் பார்க்கும்போது என் மனம் நிறைந்துவிடுகிறது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சென்னைக் கடலில் இழுப்பு அதிகம். குழந்தையின் கை உங்கள் கையில் இருக்கும்போதும் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க விடாதீர்கள்.

இது ஏப்ரல் மாதம் என்பதால் மாலையில் வருவதற்கும் ஒரு காரணம் உண்டு. ஜனவரியில் தொடங்கி இந்தக் கரையில் முட்டையிடும் பங்குனி ஆமைகளின் குஞ்சுகள் இப்போது பொரிந்து வரும் காலம். 1988 முதல் இயங்கிவரும் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினரும் வனத்துறையினரும் முட்டைகளைக் காத்து, பொரிந்த குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தக் குஞ்சு அலையை நோக்கி ஊர்ந்து போவதை எந்தக் கட்டணமும் இல்லாமல் பார்க்கலாம். கைப்பேசி விளக்கை மட்டும் போடாதீர்கள். வெளிச்சம் அவற்றைத் திசைமாற்றிவிடும்.

பூங்காவுக்குப் போகிறவர்கள் விடுமுறை நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை, பூட்டிய பூங்கா வாசலில் இரண்டு குழந்தைகளோடு நின்ற அனுபவம் எனக்கு உண்டு. விசாரிக்காமல் கிளம்பியது என் தவறு. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் செவ்வாய்தான் விடுமுறை. வண்டலூர் 600 ஹெக்டேருக்கும் பெரியது என்பதால் சிறு குழந்தைகளை நடக்கவைத்து முழுவதும் பார்க்க முயல வேண்டாம். யானையும் சிங்கமும் போதும். எங்கும் போக முடியாத நாளில் வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கிங்காம் கால்வாயையும் மொட்டை மாடிகளையும் பார்த்துக்கொண்டே சென்று திரும்புவோம்; குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய்.

மணி ஏழே முக்கால். மணல் சுடத் தொடங்குவதற்குள் துண்டை உதறிக்கொண்டு பேருந்து நிலையத்திற்கு நடக்கிறோம். அடுத்த வாரம் அண்ணா நகர் கோபுரப் பூங்காவிலிருந்து பேசுகிறேன். வணக்கம்.