வலண்டினோவும் என் வட்டு இயக்கியின் நான்காவது வாய்ப்பும்

வணக்கம். பாறசாலையிலிருந்து பேசுகிறேன், பின்னணியில் கேட்பது நாகர்கோவில் ரயில்தான் என்பதை வழக்கமாகப் பார்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கென் ரஸ்ஸல் 1977இல் இயக்கிய 'வலண்டினோ' படத்தை நேற்றிரவு ஒருவழியாகப் பார்த்துவிட்டேன்.

ஒருவழியாக என்றேன் அல்லவா, அதற்குக் காரணம் உண்டு. திருவனந்தபுரத்தில் 'சாலை' எனும் கடைத்தெருவில் 900 ரூபாய் சொன்ன பழைய டிவிடியை, உறை கிழிந்திருப்பதைக் காட்டி 850க்கு வாங்கிய பெருமிதம் வீடு வந்து சேரும்வரைதான் நீடித்தது. எந்த நாட்டுப் பிளேயரில் ஓட வேண்டும் என்று டிவிடிகளில் ஒரு மண்டல எண் இருக்கும்; அமெரிக்காவுக்கான இந்த வட்டின் எண் 1, நம் நாட்டுக்கானது 5 என்பதால் என் பிளேயர் அதைத் தொடவே மறுத்துவிட்டது. கணினியின் வட்டு இயக்கியில் மண்டலத்தை மாற்றலாம். ஆனால் மொத்தமே ஐந்து முறைதான், அதன் பிறகு பூட்டு விழுந்துவிடும். ஏற்கெனவே மூன்றைத் தொலைத்திருந்தேன். அம்மா வைத்த கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) ஆறிப்போகும்வரை யோசித்துவிட்டு, நான்காவதை இந்தப் படத்துக்குக் கொடுத்தேன்.

கொடுத்தது வீண்போகவில்லை. இத்தாலியின் காஸ்டெல்லனெட்டாவில் 1895இல் பிறந்து, அமெரிக்காவுக்குப் போய், 1921இல் 'தி ஷேக்' படத்தால் பெண்களின் கனவு நாயகனாகி, 1926இல் 31 வயதிலேயே மறைந்த மௌனப்பட நடிகர் ருடால்ஃப் வலண்டினோவாக நடித்திருப்பவர், ரஷ்ய பாலே நடன மேதை ருடால்ஃப் நூரியெவ். இத்தாலியரின் வாயில் ரஷ்ய நாக்கு புரள்வதைக் கேட்கும்போது எனக்குப் பல் கூசியது. பேசாமலே புகழ்பெற்ற ஒருவரை ஏன் இவ்வளவு பேச வைக்கிறார்கள் என்று எரிச்சலாகவும் இருந்தது. ஆனால் அக்காலத்துப் பாலே கலைஞர் நிஜின்ஸ்கியாக வரும் ஆண்டனி டவலுக்கு அவர் டாங்கோ நடனம் கற்றுத்தரும் காட்சியில் அந்த எரிச்சல் முழுவதும் அடங்கிவிட்டது. இருவருமே மெய்யான பாலே கலைஞர்கள். முதுகு வளையாமல், இடுப்புக்கு மேலே அசைவே இல்லாமல், கால்கள் மட்டும் தரையைக் கத்தரிப்பதைப் போல நகர்கின்றன. அதை நான்கு முறை திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: படம் தொடங்குவதே பிணத்தின் அருகில்தான். வெளியே வெறிபிடித்த கூட்டம். உள்ளே ஒவ்வொரு பெண்ணாகச் சவப்பெட்டியருகே வந்து தன் நினைவைச் சொல்கிறாள். மௌனப்பட நடிகை அல்லா நாசிமோவாவாக வரும் லெஸ்லி கேரனின் ஒப்பாரியை மிகை என்று சிலர் முகம் சுளிக்கலாம். நான் சுளிக்க மாட்டேன், மௌனப் படத்தின் மொழியே மிகைதானே.

என் மனத்தாங்கல் கடைசிப் பகுதியில்தான். 1926இல் சிகாகோ நாளிதழ் ஒன்று, ஆண்களைப் பவுடர் பூசும் பொம்மைகளாக்கியவர் என்று வலண்டினோவை ஏளனம் செய்தது. எழுதியவரைக் குத்துச்சண்டைக்கு அழைத்தார் அவர். அந்த ஆள் கடைசிவரை வெளியே வரவே இல்லை. பிறகு நியூயார்க் விடுதியொன்றின் மொட்டைமாடியில், குத்துச்சண்டைச் செய்திகளை எழுதும் வேறொரு பத்திரிகையாளரோடு மோதிக் காட்டினார். எதிரியே முகம் காட்டாத சண்டை அது. அதைவிட நல்ல காட்சி வேண்டுமா? ரஸ்ஸலோ அதைப் பெருங்கூட்டம், விளக்குகள், குடிப்போட்டி என்று திருவிழாவாக்கிவிட்டார். வயிற்றுப்புண் துளைத்து, அறுவைச் சிகிச்சைக்குப் பின் மருத்துவமனையில் உயிர்விட்டவரைத் தரையில் கிடக்கும் ஓர் ஆரஞ்சுப் பழத்துக்குக் கைநீட்டியபடி சாகவிடுகிறார். டாங்கோவில் நியாயமாகத் தெரிந்த பகட்டு, இங்கே அந்த மனிதரையே மறைத்துவிட்டது.

சென்ற காணொளியில் நாம் பேசிய ஜே. சி. டேனியலின் 'விகதகுமாரன்' என்ற முதல் மலையாளப் படத்தில் ஒரு சுருள்கூட மிஞ்சவில்லை. அதில் நாயகியாக நடித்ததற்காக விரட்டப்பட்ட பி. கே. ரோசி எப்படி நடந்தார், எப்படித் திரும்பினார் என்று பார்க்க நமக்கு வழியில்லை. வலண்டினோவின் படங்கள் இருக்கின்றன. ஆகையால் ரஸ்ஸலைப் பார்ப்பதற்கு முன் 'தி ஷேக்' படத்தைப் பார்த்துவிடுங்கள்.

இயக்கியை மீண்டும் 5க்கு மாற்றினால் அதுவே கடைசி மாற்றம். இந்த வட்டு பிறகு அதில் ஓடாது. அதனால் 1இலேயே விட்டுவைத்திருக்கிறேன்.