அட்டனா, ஹற்றனா?

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம். கோத்தகிரிப் பக்கம் கிளை நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நாடு விட்டு நாடு நூலகங்கள் எப்படி ஒத்தாசை செய்துகொள்கின்றன என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய மாநாடுகளுக்கெல்லாம் நான் போனதில்லை. எனக்கு இந்த விஷயத்தைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு வாசகர்.

அவர் டேன்டீ குடியிருப்பிலிருந்து வருவார். 1964-ல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்க, 1968-ல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டம் அது. வந்து அரை நூற்றாண்டு ஆகியும் நம் ஊரில் அவர்களுக்கு ‘சிலோன்காரங்க’ என்ற பெயர் போகவில்லை, அது வேறு கதை. ஒருநாள் அவர் கேட்டார்: “தம்பி, சின்ன வயசுல ஒரு பத்திரிகை படிச்சேன். பேரு மறந்துபோச்சு. அட்டன்ல அச்சடிச்சது. அட்டையில கொழுந்து பறிக்கிற பொம்பள படம். கெடைக்குமா?” அட்டன் என்பது இலங்கை மலையகத்து ஊர்.

‘ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்’ என்று 1931-லேயே எழுதிவைத்தார் நூலகவியல் மேதை, நம் சீர்காழி ரங்கநாதன். பரீட்சைக்குப் படித்தபோது சுலபமாகத்தான் இருந்தது. வாசகர் கோத்தகிரியில், அவருக்கான நூல் கடலுக்கு அந்தப் பக்கம் என்றால் என்ன செய்வது? ஒரு பெரிய நூலகத்துக்குக் கடிதம் போட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

இதற்கு வழி தேடியவர்கள் உண்டு. 1927-ல் எடின்பரோவில் நூலகச் சங்கங்கள் கூடி ஓர் உலகக் கூட்டமைப்பை அமைத்தன. சுருக்கமாக இஃப்லா என்பார்கள். ஒரு நாட்டு நூலகம் இன்னொரு நாட்டு நூலகத்திடம் இரவல் வாங்கலாம். சிக்கல் எங்கே என்றால், காசில். ஒரு சின்னத் தொகையை டாலராகவோ பவுண்டாகவோ அனுப்ப வங்கிக்கு நடந்து நடந்தே செருப்பு தேய்ந்துவிடும். அதற்கு இஃப்லா பிளாஸ்டிக் வவுச்சர் ஒன்றைக் கொண்டுவந்தது. கேட்கிற நூலகம் அந்த அட்டையை அனுப்பும். கொடுக்கிற நூலகம் அதையே வேறு எங்காவது இரவல் வாங்கப் பயன்படுத்திக்கொள்ளும். நம் கல்யாண வீட்டு மொய் மாதிரிதான்.

கோதுமைக்கும் தமிழ்ப் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்கள்? அமெரிக்கா நமக்குக் கோதுமை விற்று, அதற்கு ரூபாயாகவே பணம் வாங்கிக்கொண்டது. அந்த ரூபாயில் ஒரு பங்கை எடுத்து, 1962 முதல் டெல்லியில் ஓர் அலுவலகம் வைத்து, நம் மொழிப் புத்தகங்களை வாங்கி அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்பினார்கள். தமிழும் போனது. இங்கே பழைய பேப்பர் கடைக்குப் போன புத்தகம் அங்கே அட்டை கட்டி அலமாரியில் நிற்கிறது. சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

ஆனால் இரவலும் பணமும் பிற்பாடு. முதலில் புத்தகம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்குப் பட்டியலில் பெயர் சரியாக ஏறியிருக்க வேண்டும். எஸ்.ஆர். ரங்கநாதன் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். எஸ் என்பது ஊர், ஆர் என்பது அப்பா. விவரம் தெரியாத வெளிநாட்டுக்காரர் முதலில் வருவதுதான் ஆளின் பெயர் என்று எடுத்தால் சீர்காழியைத்தான் கூப்பிடுவார். இதற்காகவே, எந்த நாட்டுப் பெயரை எப்படிப் பதிவது என்று ஒவ்வொரு நாட்டு நூலகரிடமும் கேட்டு இஃப்லா ஒரு கையேடே போட்டது.

தமிழுக்குள்ளேயே இந்தத் தகராறு உண்டு. நாம் டொரண்டோ என்பதை ஈழத்தவர் ரொறன்ரோ என்று எழுதுவார்கள்.

ஓய்வு பெற்ற பிறகுதான் இது எனக்கு உறைத்தது. இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வருடி, யாரும் இலவசமாகப் படிக்க வைத்திருக்கும் ‘நூலகம்’ திட்டம் 2005-ல் தொடங்கியது. அதில் ஹட்டன் என்று தேடினேன். அட்டன் என்று தேடினேன். அப்புறம் ஹற்றன் என்று தட்டினேன். வரிசையாக வந்த பழைய இதழ்களில் கொழுந்து பறிக்கும் பெண்ணும் இருந்தாள்.

போனை எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனேன். கதைகளை அவர் படிக்கவே இல்லை. பின்னட்டையில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரம். அதையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். “தீபாவளிக்கு அப்பா இங்கதான் துணி எடுப்பாரு” என்றார்.

நேயர்களே, நம் மலையிலும் சங்கத் துண்டறிக்கை, கோயில் விழா மலர், படகர் பாட்டுப் புத்தகம் என்று எத்தனையோ பெட்டிகளில் கிடக்கின்றன. நீலகிரி ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்க ஒரு மழைக்காலம் போதும். ஜூன் மழை இறங்குவதற்குள் பக்கத்துக் கிளை நூலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆண்டும் அச்சகமும் தெரிந்தால் ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். ஊர்ப் பெயரை எத்தனை விதமாக எழுதுவார்களோ, அத்தனையையும் எழுதுங்கள். வணக்கம்.